விசிலுக்கு நின்ற கால்கள்

இப்போதும் எங்காவது விசில் சத்தம் கேட்டால் என் கால் தானாக நின்றுவிடுகிறது. என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

போன பௌர்ணமிக்கு அப்பா, அம்மாவோடு கிரிவலம் போனேன். அடி அண்ணாமலை தாண்டியதும் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை முழுக்க வியர்வை. சற்று முன்தான் மருத்துவ முகாமைக் கடந்திருந்தோம். திரும்பினால் அதன் பச்சைத் துணி தெரிந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன்.

விசில். சிவப்பு மேல்சட்டை போட்ட தன்னார்வலர் கயிற்றை நீட்டி மறித்தார்.

“ரிட்டர்ன் வரக்கூடாதும்மா. கூட்டம் ஜாஸ்தி.”

“அப்பாவுக்கு நெஞ்சு வலிங்க. தோ, அந்த கேம்புக்குத்தான்.”

“அடுத்த கேம்ப் குபேர லிங்கத்தாண்ட இருக்கு. முன்னாடி போங்க.”

அது எவ்வளவு தூரம் என்று அவருக்குத் தெரியாதா? கத்தினேன். கூட்டத்தில் ஒரு பெண்மணி எனக்கே புத்தி சொன்னார்: “வலம் வர்றப்போ திரும்பக்கூடாதும்மா.” அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அப்பா செய்ததைத்தான் தாங்க முடியவில்லை. தலைமையாசிரியராக இருந்தவர். அவர் வராந்தாவில் வந்தால் பள்ளிக்கூடமே வாயை மூடும். வீட்டில் நாங்களும் அப்படித்தான்.

“அவர் டூட்டிய அவர் பாக்குறாரு. நட,” என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே. நடக்கவும் தொடங்கினார். அந்த ஆளிடம் இருந்தது ஒரு விசில், ஒரு கயிறு. அதற்கு இவரும் கட்டுப்பட்டார், நானும் பின்னால் போனேன்.

அம்மா வரவில்லை. நடுச்சாலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பா சொல்லுக்கு மறுசொல் சொல்லாத அம்மா.

“டாக்டர் இங்க வர்றவரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்.”

தன்னார்வலர் விசில் ஊதினார். அம்மா அசையவில்லை. பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டு நின்றார்கள். “என்னாப்பா ஆச்சு?” என்று கூச்சல் எழுந்தது. கடைசியில் அவரே கயிற்றைப் போட்டுவிட்டு, கூடாது என்று சொன்ன திசையிலேயே முகாமுக்கு ஓடினார்.

டாக்டர் வந்தார். நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்து ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். சுற்றை முடிக்கவில்லையே என்று அப்பா எழப் பார்த்தார்.

“பேசாம படுங்க,” என்றாள் அம்மா.

அப்பா படுத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் எங்களில் யாராவது ஒருமுறை இப்படிச் சொல்லிப் பார்த்திருந்தால் அப்போதே கேட்டிருப்பார் போலிருக்கிறது.