லைசென்ஸ் வேண்டாத வண்டி

எனக்கு எட்டு போட வராது. தாளில் எழுதச் சொன்னால் எத்தனை வேண்டுமானாலும் எழுதிக் காட்டுவேன். ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் தரையில் போட்டிருக்கும் எட்டின் மேல், காலைக் கீழே ஊன்றாமல் வண்டியை ஓட்டிக் காட்டு என்றால்தான் வராது. இரண்டு சுழியும் சேருகிற இடத்தில் என் இடது கால் என்னைக் கேட்காமலே தரையைத் தேடிப் போய்விடும். இரண்டு முறை முயன்று பார்த்தேன். இரண்டு முறையும் பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு வார்த்தை பேசவில்லை. வழியில் நிற்கும் மாட்டை ஒதுக்குவது போலக் கையை ஓரமாக அசைத்தார், அவ்வளவுதான்.

இதில் பெரிய கொடுமை, முதல் முறை என் மனைவியும் அதே டெஸ்டுக்கு வந்திருந்தாள் என்பது. அவள் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். வளைந்த துணியை வளைவு தப்பாமல் ஊசிக்குக் கொடுத்துப் பழகிய கை. எனக்கு அடுத்து வண்டியை எடுத்தவள் ஒரே மூச்சில் எட்டைப் போட்டுவிட்டு வந்து இறங்கினாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, காலு கீலு சுளுக்கிக்கிட்டா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். ஆமாம் என்று சொல்லியிருந்தால் மானம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். அந்த நேரத்துக்கு அது தோன்றவில்லை.

என் பிழைப்பைச் சொன்னால்தான் இந்த வெட்கம் எவ்வளவு என்று புரியும். நான் ஏற்றுமதிக் கம்பெனியில் குவாலிட்டி கன்ட்ரோலர். தைத்து வரும் டி-ஷர்ட்டை மேசையில் விரித்து, டேப்பை வைத்து அளந்து, தப்பு இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. தோள் அளவு ஒரு நூல் கூடினாலும் விடமாட்டேன். டேப் இழுபட்டு நீண்டிருக்கிறதா என்று அதையும் ஸ்டீல் ஸ்கேலோடு வைத்துப் பார்க்கிற ஜாதி நான். ஊரார் தையலையெல்லாம் ரிஜெக்ட் செய்கிறவனை ஒரு சுண்ணாம்புக் கோடு இரண்டு முறை ரிஜெக்ட் செய்துவிட்டது என்று தெரிந்தால் கட்டிங் செக்‌ஷனில் விருந்தே வைப்பார்கள். ஆகவே கம்பெனியில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஆனால் வண்டி இல்லாமலும் முடியவில்லை. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து வேலம்பாளையத்தில் குடியிருக்கிறோம். மனைவியின் கம்பெனி ஒரு திசை, என் கம்பெனி வேறு திசை. மகள் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்த பள்ளிக்கூடம் நான் போகிற வழியில் இருந்தது. காலையில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிற அவளை வண்டியில் கொண்டுபோய் விட வேண்டியவன் நான்தான். அப்போதுதான் எலெக்ட்ரிக் வண்டிக் கடைக்காரர் எனக்குக் கடவுளாகத் தெரிந்தார்.

"இதுக்கு லைசென்ஸ் வேண்டாமுங்க, ஆர்.சி. வேண்டாமுங்க, இன்சூரன்ஸ் வேண்டாமுங்க," என்றார் அவர். "படிக்கிற புள்ளயும் ஓட்டலாம், எழுபது வயசு அப்புச்சியும் ஓட்டலாம். போலீஸ் புடிச்சா தைரியமா நில்லுங்க."

படிக்கிற பிள்ளைக்கும் எழுபது வயதுக்காரருக்கும் நடுவில் எனக்கு என்ன இடம் என்று நான் கேட்கவில்லை. வாங்கிவிட்டேன்.

வாங்கியதோடு சட்டத்தையும் மனப்பாடம் செய்துகொண்டேன். மோட்டாரின் திறன் இருநூற்றைம்பது வாட்டுக்குள், வேகம் மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் இருந்தால் சட்டத்தின் கண்ணில் அது மோட்டார் வாகனமே அல்ல, சைக்கிளுக்குச் சமம். அதனால் நம்பர் பிளேட்டும் கிடையாது, ஓட்டுநர் உரிமமும் கிடையாது. யாராவது என் வண்டியை ஒரு மாதிரியாகப் பார்த்தால் போதும், இதை ஒப்பிக்க ஆரம்பித்துவிடுவேன். எனக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை என்பதை எனக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று மாற்றிச் சொல்ல அந்தச் சட்டம் ரொம்பவும் உதவியது.

கம்பெனியில் அது எடுபடவில்லை. என் வண்டிக்கு முதல் வாரமே 'பால்வாடி' என்று பெயர் வைத்தார்கள். நான் கேட்டுக்குள் நுழைந்தால், "பால்வாடி வந்துருச்சுங்கோ," என்று குரல் கேட்கும். ஹெல்மெட் போட்டுக்கொண்டு போன அன்று கட்டிங் மாஸ்டர் பக்கத்தில் வந்து, "ஏனுங்க சார், ராக்கெட்டு எத்தனை மணிக்குங்க கெளம்புது?" என்று மரியாதை குறையாமல் விசாரித்தார். மறுநாளிலிருந்து ஹெல்மெட் வீட்டில் தங்கிவிட்டது. அதுவும் சட்டப்படி கட்டாயமில்லை என்று எனக்கு நானே ஒப்பித்துக்கொண்டேன்.

மகள் ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை. புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்காருவாள். பள்ளி கேட்டுக்கு எதிரிலேயே இறங்குவாள். வண்டியைத் தெருமுனையில் நிறுத்துங்கள் என்று கேட்பாளோ என்று நான் தினமும் எதிர்பார்த்திருந்தேன். கேட்கவில்லை. அவளுக்கு உள்ளுக்குள் அவமானமாக இருக்கும், அப்பா மனம் நோகக்கூடாது என்று பொறுத்துக்கொள்கிறாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

மழைக்காலத்தில் வண்டியின் மீட்டருக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. கண்ணாடி மங்கிப்போய், சார்ஜ் காட்டும் கட்டங்கள் மட்டும் அரைகுறையாகத் தெரிந்தன. வேகம் தெரியவில்லை. ஓடுகிற ஓட்டத்துக்கு மீட்டர் ஒரு கேடா என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு பின் பிரேக் பிடிக்கவில்லை என்று ஒரு நாள் கடையில் விட்டேன். எனக்கு ஷிப்மென்ட் நெருக்கடி. மாலையில் மகள்தான் போய் வண்டியை எடுத்து வந்தாள். அவளும் ஓட்டலாமே, சட்டத்தில் தடையில்லையே.

அந்த வாரத்திலிருந்து எனக்கு ஒரு மாற்றம் தெரிந்தது. வண்டி ஓட்டுவதில் பயம் தெளிந்துவிட்டது. அதுவரை என்னைத் தாண்டிப் போன பனியன் துணி மூட்டை ஏற்றிய மொபெட்டுகளை நான் தாண்டினேன். பள்ளிக்கூடத்துக்கு முன்னதாகவே போய்ச் சேர்ந்தோம். எல்லாம் பழக்கம்தான், கையில் வண்டி படிந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். ராத்திரி சாப்பாட்டில், "மூணாவது தடவ எட்டு போட்டுப் பாக்கலாம்னு இருக்கேன். இப்ப எனக்குத் தைரியம் வந்துட்டு," என்று மனைவியிடம் சொன்னேன்.

"போடுங்க. நல்லதுதான," என்றாள் அவள். மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பரீட்சை நேரம், ஏதோ யோசனை என்று நினைத்தேன். டிரைவிங் ஸ்கூல்காரருக்குப் போன் செய்து, அடுத்த வாரமே பெயரைக் கொடுத்துவிட்டேன்.

அந்த அடுத்த வாரம் வருவதற்குள் போலீஸ் வந்துவிட்டது. பள்ளிக்கு முன்னால் இருக்கும் நாலு ரோட்டில் காலைச் சோதனை. நம்பர் இல்லாத வண்டி என்று ஒரு காவலர் கையைக் காட்டினார். எனக்குப் பயமே இல்லை. சொல்லப்போனால் இந்த நாளுக்காகத்தான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். மகளை வண்டியிலேயே உட்காரச் சொல்லிவிட்டு, சப்-இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்று வாட், கிலோமீட்டர் எல்லாவற்றையும் தடங்கலில்லாமல் ஒப்பித்தேன். வேகம் ஒரு கிலோமீட்டர் கூடினாலும் தப்பு, என் வண்டியில் கூடாது, நான் குவாலிட்டியில் இருப்பவன் என்று வேண்டாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க நின்றார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "நீங்க சொல்றது வாஸ்தவந்தானுங்க. ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துர்லாங்களா?" என்றார்.

"தாராளமாப் பாருங்க சார்," என்றேன்.

மகள் வண்டியிலிருந்து இறங்கினாள். ஒரு காவலர் என் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். இன்னொருவர் ரோந்து பைக்கில் கூடவே போய் வேகம் பார்த்தார். திரும்பி வந்து, "நாப்பதுக்கு மேல போகுதுங்கய்யா," என்றார்.

"வாய்ப்பே இல்ல சார்," என்றேன்.

"ரெண்டு மூணு கூடியிருந்தா நானே உட்ருவேனுங்க," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "இது வேகம் கூடாம இருக்கக் கம்பெனில வெச்ச லாக்கை எடுத்த வண்டி. கடைல வயரைக் கழட்டி உட்டுர்றாங்க. லாக்கை எடுத்துட்டா இது மோட்டார் வண்டிங்க. மோட்டார் வண்டின்னா லைசென்ஸ் வேணுமல்லங்க? எங்கீங்க, காட்டுங்க."

சட்டைப் பையைச் சும்மா ஒரு முறை தடவிக்கொண்டேன். "இல்லீங்க சார்."

"எடுக்கவே இல்லீங்களா?"

அத்தனை பிள்ளைகள் நிற்கிறார்கள். "ரெண்டு தடவ போனேன் சார். எட்டு வரல," என்றேன். கூட்டத்தில் யாரோ ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். சப்-இன்ஸ்பெக்டர் சிரிக்காமல் அவனைப் பார்த்து, "பெல்லடிக்கப் போகுது, போ கண்ணு," என்றார். அவர் சிரித்திருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மகள் அப்போது முன்னால் வந்தாள். "லாக்கை நாந்தாங்க சார் எடுக்கச் சொன்னேன். பிரேக் பாக்கக் கடைல உட்டிருந்தப்ப. அப்பாவுக்குத் தெரியாதுங்க."

எனக்கு வந்த கோபத்தில் இடம் பொருள் தெரியவில்லை. "அப்பன் வண்டில ஏறிப் போறது ஒனக்கு அவ்வளவு அசிங்கமா இருந்துச்சோ? பிள்ளைக முன்னால மானம் போச்சோ?" என்று நாலு ரோட்டிலேயே கத்தினேன். அபராதத்தைப் போட்டு, லாக்கைத் திரும்ப மாட்டின பிறகுதான் ஓட்ட வேண்டும், அதுவரை தள்ளிக்கொண்டு போங்கள் என்று அனுப்பினார்கள்.

நான் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளினேன். அவள் பின்னாலிருந்து தள்ளினாள். கொஞ்ச தூரம் போனதும் அவளாகப் பேசினாள்.

"எனக்கு ஒண்ணும் அசிங்கமில்லீங்கப்பா. யாராச்சும் நம்மள முந்திப் போனாங்கன்னா நீங்க தலையக் குனிஞ்சுக்குவீங்க. தினமும். பின்னாடி ஒக்காந்திருக்கற எனக்கு உங்க பிடரி மட்டுந்தானே தெரியும். அதப் பாக்க முடியலீங்கப்பா."

நான் தலை குனிந்தேன் என்பதே எனக்குத் தெரியாது. எதற்கும் கலங்காதவன் போல நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுவதாகத்தான் நினைத்திருந்தேன்.

"முன்னாடியே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன். லாக்கை எடுத்த மறுநாளு நீங்க பாட்டுப் பாடிட்டே ஓட்டுனீங்க. அப்புறம் எட்டு போடப் போறேன்னு வேற சொன்னீங்க. எப்படீங்கப்பா சொல்றது?"

"பாடினேனா?"

"ஆமாங்கப்பா. பாட்டுப் பூரா தப்புத் தப்பா."

என் தைரியம் என்று நான் பெருமைப்பட்டதெல்லாம் ஒரு வயரைக் கழற்றியதால் வந்தது. அதைவிட, அப்பனின் வெட்கத்தை அவன் மகள் ஒவ்வொரு நாள் காலையிலும் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், அதைத் துடைக்கத் தனக்குத் தெரிந்த ஒரு வேலையைச் செய்தாள், அவளைத்தான் நடுரோட்டில் வைத்து ஏசினேன் என்பதுதான் தாங்க முடியவில்லை. மன்னித்துக்கொள் என்று சொல்ல வேண்டியவன், பள்ளி கேட் வந்ததும், "பெல்லடிச்சிருப்பாங்க, நீ உள்ள போ," என்றேன். அவளும் போனாள்.

அன்றைக்கே கடையில் லாக்கை மாட்டினார்கள். வண்டி பழையபடி பால்வாடி ஆனது. எட்டு போடப் போகவில்லை, டிரைவிங் ஸ்கூல்காரரின் போனையும் எடுக்கவில்லை.

மறுநாள் காலை வண்டியை வெளியே எடுத்தபோது, "இன்னிக்கு நான் ஓட்டட்டுங்களா?" என்றாள் மகள். சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். மெயின் ரோட்டில் மூட்டை கட்டிய மொபெட் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டியது. அவள் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் ஒரு ஸ்கூட்டரில் தாண்டிப் போனார்கள். அவள் கையைத் தூக்கி ஆட்டினாள், அவர்களும் ஆட்டினார்கள். இரட்டைச் சடைக்கு நடுவில் அவள் கழுத்து நேராக இருந்தது. முந்திப் போகிறவர்களை அவள் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால், அவள் பார்க்க முடியாத இடத்தில், நான்தான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.