லிப்ட் இல்லாத பள்ளிக்கூடம்

நான் லிப்ட் பரிசோதகன். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் வரவேற்பில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் லிப்ட் வாசலைத்தான் பார்ப்பேன். மகள் பிறந்த ஆஸ்பத்திரி என்றால், மூன்றாம் மாடியில் கதவு அரை விநாடி தாமதமாகத் திறந்ததுதான் முதலில் நினைவுக்கு வரும். இதை ஒருமுறை மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். இன்றுவரை வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

கம்பெனி என்னை நான்கு வருடத்தில் மூன்று நாடுகளுக்கு அனுப்பிவிட்டது. கூடவே மனைவி, ஒன்பது வயது மகள், ஆறு பெட்டிகள். மகளை வீட்டில் மிளகு என்று கூப்பிடுவோம். ஆள் சின்னது, காரம் பெரிது. இந்த ஊருக்கு வந்த பிறகு அந்தக் காரத்தைக் காணோம். பக்கத்து வீட்டில் அவள் வயதில் ஒரு பெண் இருக்கிறாள். அவள் வந்து கதவைத் தட்டினால், "எனக்கு வேலை இருக்கு" என்று மிளகு சொல்லி அனுப்பிவிடுகிறாள். ஒன்பது வயதில் என்ன வேலையோ!

"நல்ல ஸ்கூல்ல போட்டா எல்லாம் சரியாயிடும்" என்று மனைவியிடம் சொன்னேன். இன்னொன்றைச் சொல்லவில்லை. அடுத்த வருடம் நான்காவது நாடு வரலாம் என்று மேலாளர் போனில் சொல்லியிருந்தார். "ரெடிதானே?" என்றார். "ரெடி சார்" என்றேன். எதைக் கேட்டாலும் நான் ரெடிதான்.

வெளிநாட்டுக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கென்று இங்கே மூன்று சர்வதேசப் பள்ளிகள் உண்டு. ஒன்றைப் பொறுக்குவதற்காக நாற்பத்திரண்டு வரிகளில் ஓர் அட்டவணை தயாரித்தேன். ஆசிரியர்களுக்கு ஒரு வரி, லிப்ட்டுக்கு ஒன்பது வரி. மனைவி அதை மேலிருந்து கீழாகப் படித்துவிட்டு, "இதுல மிளகு எந்த வரியில இருக்கா?" என்று கேட்டாள். "எல்லாமே அவளுக்காகத்தானே" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். அவள் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

முதல் பள்ளி கண்ணாடி மாளிகை. சேர்க்கை அதிகாரி நீச்சல் குளத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் லிப்ட் வாசலில் முழங்காலிட்டு, இடைவெளியில் அளவுகோலை நுழைத்துக்கொண்டிருந்தேன். அதுவரை வாயே திறக்காத மகள் அவரிடம், "நடுவுல நான் போயிட்டா என்ன பண்ணுவீங்க?" என்றாள். சேருவதற்கு முன்பே போவதைப் பற்றிப் பேசுகிறாளே என்று எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. அதிகாரியோ அசரவில்லை. "கவலையே வேண்டாம். மாற்றுச் சான்றிதழ் அன்னிக்கே கைக்கு வந்துடும்" என்றார். என்ன வேகம்! அந்த வரிக்கு முழு மதிப்பெண் போட்டேன்.

இரண்டாவது பள்ளியிலும் மகள் அதையே கேட்டாள். "எங்ககிட்ட நிறைய பேர் காத்திருக்காங்க. மறுநாளே அந்த இடத்துக்கு ஆள் வந்துடும்" என்றார்கள். அதற்கும் முழு மதிப்பெண். மகள் என் சட்டையை இழுத்து, "போலாம்பா" என்றாள். பசியாக இருக்கும் என்று நினைத்தேன்.

மூன்றாவது பள்ளிக்கு மனைவியின் பிடிவாதத்துக்காகப் போனோம். பழைய இரண்டு மாடிக் கட்டடம். லிப்ட்டே கிடையாது. ஒன்பது வரிகளையும் ஒரே கோடாக அடித்துவிட்டு வாசல் பக்கம் திரும்பினேன். அலுவலகத்து அம்மா மகளின் கேள்வியைக் கேட்டதும் பதில் சொல்லாமல் எழுந்து எங்களை வகுப்பு வாசலுக்கு அழைத்துப்போனார். சுவரில் வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர், கீழே ஒரு பை. ஒன்றில் மட்டும் பை இல்லை.

"இவ போன மாசம் வேற நாட்டுக்குப் போயிட்டா. வருஷம் முடியிற வரைக்கும் இந்தக் கொக்கி அவளோடதுதான். வகுப்புப் பிள்ளைங்க அவளுக்குக் கடுதாசி எழுதறாங்க, அவளும் எழுதறா" என்றார். மகள் அந்தப் பெயரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது காரிலேயே தீர்ப்பை அறிவித்தேன். முதல் பள்ளிக்குத்தான் வெற்றி.

"எனக்குக் கொக்கி ஸ்கூல்தான் வேணும்" என்றாள் மகள்.

"அங்க லிப்ட்டே இல்லையேம்மா."

"அவ என்ன லிப்ட்டா ஓட்டப் போறா?" என்றாள் மனைவி.

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினாள். "போன ஊரு ஸ்கூல்ல கடைசி நாள் நான் லாக்கர்லேர்ந்து புக் எடுத்துட்டு இருக்கும்போதே அதுல ஒட்டியிருந்த என் பேரைக் கிழிச்சுட்டாங்க. இன்னும் ரெண்டு புக் உள்ள இருந்துச்சு."

எனக்கு நினைவிருந்தது. நான் அப்போது பக்கத்தில்தான் நின்றேன். கிழித்த ஊழியரின் கையைக் குலுக்கி, "என்ன சுறுசுறுப்பு!" என்று பாராட்டியது யார்? சாட்சாத் நான்தான். வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டியிருந்தது. வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது.

மறுநாள் கொக்கிப் பள்ளியில் விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன். 'இங்கே எத்தனை வருடம் இருப்பீர்கள்?' என்று ஒரு கட்டம். பரிசோதனைச் சான்றிதழில் என் கையெழுத்துக்கு ஆயுளே ஒரு வருடம்தான். எந்த லிப்ட்டுக்கும் அதற்கு மேல் நான் உறுதி கொடுத்ததில்லை. கை பழக்கதோஷத்தில் 'ஒன்று' என்று எழுதிவிட்டது. முழங்கைக்குப் பக்கத்தில் மகள் மூச்சுவிடுவது கேட்டது. அவள் அதைப் படித்துவிட்டாள். ஆச்சரியப்படவே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எழுந்து நடைபாதைக்குப் போய் மேலாளருக்குப் போன் போட்டேன்.

"சார், அடுத்த வருஷம் நான் வேற நாட்டுக்குப் போகலை. பொண்ணு இங்க படிப்பை முடிக்கட்டும்."

"அங்கேயே இருந்தா உங்களுக்குப் பெரிய பதவி கிடைக்காதே. லிப்ட்ல மாட்டிக்கிட்ட மாதிரி நடுவுலயே நிக்கப் போறீங்களா?"

"நிக்கிறேன் சார்." ரெடி என்பதைத் தவிர வேறு வார்த்தை சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

திரும்பினால் பின்னால் மனைவி. "அடுத்த வருஷமா? எங்கிட்ட எப்ப சொல்றதா இருந்தீங்க?" என்றாள். அசடு வழிந்தேன். அதற்கு வாங்கியது தனிக்கதை.

உள்ளே போய் 'ஒன்று' என்பதை அடித்துவிட்டு, 'படிப்பு முடியும்வரை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மகள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு வகுப்பு வாசலில் அலுவலகத்து அம்மா தனக்குக் கொடுத்த கொக்கியை இரண்டு கையாலும் பிடித்து, காலைத் தூக்கிக்கொண்டு தொங்கிப் பார்த்தாள். என் மகளாயிற்றே.

"ஆடலைப்பா" என்றாள்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுக் கதவை யாரோ தட்டும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மிளகுதான் நின்றிருந்தாள்.

"எனக்கு இப்ப வேலை இல்ல. விளையாட வர்றியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.