நான் போனால் முதலாளி கோயிலுக்குப் போயிருப்பார்

வெளிமாநில ஆட்களை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகளுக்குச் சட்டத்தை எடுத்துச் சொல்வது என் தொழில்; நான் கேட் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் பாதிப் பேர் கோயிலுக்குப் போயிருப்பார்கள். இன்சூரன்ஸ் பாலிசி விற்றவர்களுக்கும், வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போன டீச்சர்களுக்கும் என் பாடு சொல்லாமலே புரியும்.

மே மாத மத்தியானம்

மோகனூர் பக்கம் ஒரு கோழிப்பண்ணை. ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பங்கள் அங்கேயே தங்கி வேலை செய்தன. முதலாளி பெருமையாகச் சுற்றிக் காட்டினார். வெயிலில் கோழி செத்துவிடக் கூடாதென்று கொட்டகை முழுக்க ஃபேன், பனி மாதிரி தண்ணீர் தூவும் குழாய். ஆட்கள் தங்கும் இடத்தைக் கேட்டேன். தகரக் கூரை போட்ட வரிசை அறைகள். ஒரு ஃபேன்கூட இல்லை.

"தங்குமிடம் காத்தோட்டமா இருக்கணும்னு சட்டம் இருக்குங்க" என்றேன்.

"அவங்க இதுக்கெல்லாம் பழகினவங்க மேடம்" என்றார்.

நான் வாக்குவாதம் செய்யவில்லை. அவரை ஓர் அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்திவிட்டு, விதிகளைச் சாவகாசமாக வாசிக்க ஆரம்பித்தேன். எனக்கே தலை சுற்றியது, விடவில்லை. பக்கத்தைத் திருப்புவதற்குள் மனிதர் வெளியே பாய்ந்தார். அங்கேயே நின்று எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டார்:

"சாமி, உடனே வா சாமி! இதுக்குள்ளார கோழிகூட உசுரோட இருக்காது!"

யாருக்கு எழுதிய பலகை?

ராசிபுரம் அருகே ஒரு நூற்பாலை. வேலை நேரம், புகார் சொல்லும் வழி எல்லாவற்றையும் தொழிலாளருக்குப் புரியும் மொழியில் எழுதி மாட்டச் சொல்லியிருந்தேன். மேனேஜர் இந்தியில் பெரிய பலகையே வைத்துவிட்டார். ஆய்வுக்கு வந்த அதிகாரி, அந்தப் பக்கம் வந்த சபிதா என்ற ஒடிசாப் பெண்ணிடம், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தட்டுத்தடுமாறி இந்தியில் கேட்டார். சபிதா பலகையை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அசல் நாமக்கல் தமிழில் சொன்னார்:

"எனக்கு இந்தி வராதுங்க சார். ஒடியாவுல எழுதுங்க, இல்லாட்டித் தமிழ்ல எழுதுங்க. பஸ் போர்டு பார்த்தே படிக்கக் கத்துக்கிட்டனுங்க."

தறியில் மாட்டிய கை

ஆட்டையாம்பட்டியில் விசைத்தறிப் பட்டறை வைத்திருந்தவருக்கு ஆட்களை இ.எஸ்.ஐ.யில் சேர்க்க மனமே இல்லை. "ஊருக்குப் போறவன் திரும்பி வாரானோ என்னமோ, எதுக்குங்க?" என்பார். என் நச்சரிப்பு ஒழிந்தால் போதும் என்று ஒருவழியாகச் சேர்த்தார்.

ஒருநாள் காலை, பிகாஷ் என்ற தொழிலாளியின் கை தறி பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது, முதலாளி ரத்தக்கறை படிந்த வேட்டியோடு ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் அழுதுவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடைசியில் டாக்டர் வெளியே வந்து, விரல்கள் பிழைத்துவிட்டன என்றார்.

சிகிச்சை முழுவதும் இ.எஸ்.ஐ.யிலேயே நடந்தது. வேலைக்கு வர முடியாத நாட்களுக்கும் பிகாஷுக்குப் பணம் வந்தது. அவர் கட்டுப் பிரித்துப் பட்டறைக்குத் திரும்பிய அன்று, முதலாளி எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஏனுங்க மேடம், இந்த இ.எஸ்.ஐ. கார்டை மொதலாளிகளுக்குத் தர மாட்டாங்களா?"

மனதாரத் திட்டிக்கொண்டே சட்டத்தைக் கடைப்பிடிக்கிற முதலாளிகள் இருக்கும்வரை, எங்கள் பிழைப்புக்கு ஒரு குறையும் இல்லை.