எலி வந்திட்டுது

என் தம்பியை எல்லோரும் எலி என்றுதான் கூப்பிட்டோம். குசினியில் தேங்காய் திருவ விடமாட்டான். பாதியைக் கொறித்துவிட்டுத்தான் மிச்சத்தைத் தருவான். சண்டைக் காலத்தில் ஒருநாள் காலை, கிண்ணியாவுக்குப் போவதற்காக, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறினான். திரும்பி வரவில்லை.

அதன்பிறகு அந்தச் சொல்லை வீட்டில் தடைசெய்தவள் நான்தான். அம்மா தாங்கமாட்டார் என்று நினைத்தேன். எலிப்பொறி வெறும் பொறியாயிற்று. பக்கத்து வீட்டில் எலிக்காய்ச்சல் வந்தபோதுகூட, காய்ச்சல் என்று மட்டும் கதைத்தோம். என் மெல்லிய சடையை எலிவால் என்று கேலிசெய்த சித்தியை ஒரே முறைப்பில் வாயடைக்க வைத்தேன்.

ஆனால் துறைமுகத்துக்குக் கிட்ட நான் படிப்பித்த கணினி வகுப்பில், மவுஸ் என்று யாரையும் சொல்ல விட்டதில்லை. "எலியைப் பிடியுங்கோ. மெல்ல இழுங்கோ. எலியை விட்டிடாதேங்கோ." பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கோ நாள் முழுக்க அவனைக் கூப்பிட்ட ஆறுதல். வெட்கக்கேடான ஆறுதல்தான், விட முடியவில்லை.

வகுப்பில் ஒரு மவுஸ் பழுதாகிவிட்டது. கொழும்பில் சொல்லிவைத்து மாதக்கணக்கில் காத்திருந்தோம். ஒருநாள் நான் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றபோது, வகுப்பை நடத்தியவர் எங்கள் ஒழுங்கை முனைக் கடைக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார்: "எலி வந்திட்டுது. ரீச்சரை உடன வரச்சொல்லுங்கோ."

கடைக்காரருக்குத் தெரிந்த எலி ஒன்றுதான். வரிசையிலிருந்து திரும்பிய என்னிடம் கண் கலங்கச் சொன்னார்.

"பிள்ளை, தம்பி வந்திட்டாராம்! வகுப்பில நிக்கிறாராம். அம்மா அப்பவே ஓடிட்டா."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. எண்ணெய்ப் போத்தலைக் கடை வாசலில் போட்டுவிட்டு ஓடினேன். வழியெல்லாம், அம்மா போய்ச் சேர்ந்திருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

அம்மா வகுப்பில் ஒரு கதிரையில் இருந்தார். மடியில் தம்பி போட்டுத் திரிந்த சேட்டு, மடித்தபடி. கையில் புது மவுஸ். எலி எங்கே என்று கேட்டவருக்கு வகுப்பை நடத்தியவர் அதைத்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறார். இப்போது அவர் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"இதையோ நீ எலி எண்டு கூப்பிடுறனீ?" என்று அம்மா கேட்டார்.

"ஓம், அம்மா."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம்."

அம்மா அழவில்லை. மவுஸை மேசையில் வைத்தார்.

"என்ர வாயால ஒருக்காக் கூப்பிட நீ விடேல்லையே, பிள்ளை," என்றார்.