பூமணி அக்கா சொன்ன முடிவு

பூமணி அக்கா போய்விட்டார்... காலையில் கனடாவிலிருந்து அவருடைய மகன் மெசேஜ் போட்டிருந்தான். நித்திரையிலேயே போய்விட்டாராம்.

எழுபதுகளில் உரும்பிராய்க் கூட்டுறவுச் சங்கக்கடையில் நானும் அவரும் ஒன்றாக வேலை செய்தோம். டவுனுக்கு எந்தப் புதுப்படம் வந்தாலும் முதல் கிழமையே போய்ப் பார்த்துவிட்டு வந்து திட்டுவார். அவருக்குப் பிடித்த படம் என்று ஒன்றை நான் கேள்விப்பட்டதேயில்லை!

ஒரு வருடம் ராசா காலத்துக் காதல் படம் ஒன்று வந்தது. அம்மாவும் நானும் போட்டி போட்டு வாசித்த தொடர்கதைதான். கடற்சண்டைக்குப் போகிற காதலன் செத்துப்போவான், அவள் கரையில் காத்திருப்பாள்.

ஆனால் அப்பா இறந்து சில மாதங்கள்தான்... ஆண்டுத்திவசம் முடியும்வரை எங்களுக்குப் படம் இல்லை. அம்மா ஒருவரோடும் கதைப்பதில்லை, சாப்பாடும் பேருக்குத்தான். அவரையும் இழந்துவிடுவேனோ என்று எனக்கு ஒரே பயம்.

ஒருநாள் பூமணி அக்கா வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து அந்தச் சினிமாப் படத்தைத் திட்டித் தீர்க்கத் தொடங்கினார். "ராசகுமாரனுக்கு வாளுக்கு முன்னாலை வயிறு வருது மாமி! அவளுக்கு ஜோர்ஜெட் சீலை. அந்தக் காலத்திலை ஏது ஜோர்ஜெட்?"

அம்மா சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

"முடிவு மட்டும் நல்லம் மாமி. மாத்திப்போட்டாங்கள். அவன் உயிரோடை வந்து அவளைக் கலியாணம் கட்டுறான்."

அம்மா திரும்பினார். "என்னது? மாத்திப்போட்டாங்களோ?"

"ஓம் மாமி..."

"விசர் வேலை! அவன் செத்தால்தானே அது கதை!"

நான் திகைத்துப்போனேன். பூமணி அக்காவும்தான்.

"ஏன் மாமி, வந்தால் என்ன? அவள் பாவமெல்லே?"

"பாவம் பாத்தால் கதை எழுதேலுமோ? ஆரடி உந்தப் படத்தை எடுத்தவன்?"

விளக்கு வைக்கும்வரை சண்டை. நடுவில் அம்மாவே எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டார். கனநாளைக்குப் பிறகு! நான் குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அடுத்தநாள் பின்னேரம், "எங்கை அவள் பூமணி? வரச்சொல்லு, இன்னும் கேக்கவேணும்" என்றார். அன்று இரண்டாவது தடவையும் சோறு கேட்டார்.

பல வருடம் கழித்து, கோப்பாயில் ஒரு கலியாண வீட்டில் வீடியோ டெக்கில் அந்தப் படத்தைப் போட்டார்கள். "உந்தக் கெடுத்த படத்தை ஆர் பாப்பினம்!" என்று அம்மா மரக்கறி வெட்டப் போய்விட்டார். நான் இருந்து பார்த்தேன்.

காதலன் செத்துப்போனான். கதையில் இருந்தது போலவே...

பூமணி அக்காவைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"கொம்மா இருந்த இருப்புக்கு, அவன் செத்திட்டான் எண்டு சொல்ல என்ரை நாக்கு எழும்பேல்லையடி. ஆனா இப்பிடி மல்லுக்கு வருவாவெண்டு ஆர் கண்டது!"

அம்மா கடைசிவரை அந்த டைரக்டரைத் திட்டினார். சந்தோஷமாகத் திட்டினார். நாங்கள் இருவரும் வாயே திறக்கவில்லை.

போயிட்டு வாங்கோ அக்கா. அங்கே அம்மா இருப்பார்... தயவுசெய்து உண்மையைச் சொல்லிப்போடாதேங்கோ.