அண்ணனின் செத்தவீடும் நெட்வொர்க் ரீசெட்டும்

லண்டனில் அண்ணனின் செத்தவீடு. எங்கள் நேரப்படி பகல் இரண்டரைக்குத் தொடங்கும் என்று அவருடைய மகன் ஈமெயிலில் லிங்க் அனுப்பியிருந்தான். வீசாவுக்கு அலைந்து பார்த்தேன், கிடைக்கவில்லை. அண்ணனின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்ப்பதென்றால் வீட்டுக் கம்ப்யூட்டரில் பார்த்தால்தான் உண்டு. பெட்டியை மூடிவிட்டால் அதோடு சரி.

அந்தக் கம்ப்யூட்டர் சனியன் அன்றைக்கென்று பார்த்துப் படுத்துவிட்டது. முதல்நாள் தன்பாட்டில் ஏதோ அப்டேட் போட்டுக்கொண்டது. காலையில் பார்த்தால் வைஃபை பிடிக்கிறது, இன்டர்நெட் இல்லை என்கிறது. மனைவியின் ஃபோன் திரை உடைந்து கடையில் கிடந்தது. என்னுடையது பட்டன் ஃபோன். அன்புவழிபுரத்தில் அவளுடைய தங்கை வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம் என்று மனைவி காலையிலிருந்தே சொன்னாள். நான் கேட்பேனா? நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான். திருத்திவிடலாம், நீ சும்மா இரு என்று எரிந்து விழுந்தேன்.

நிறுத்தித் திரும்பப் போட்டேன். நெட்வொர்க் அடாப்டரை டிசேபிள் பண்ணி மறுபடி எனேபிள் பண்ணினேன். முற்றத்துக்குப் போனேன், உள்ளே வந்தேன், மறுபடி முற்றத்துக்குப் போனேன். எங்கள் ஊரில் தெருவெல்லாம் திரிகிற மான்களில் இரண்டு ஒழுங்கையில் குப்பையைக் கிளறிக்கொண்டு நின்றன. துறைமுகப் பக்கம் ஏதோ கப்பல் ஊதியது. எல்லாமே எரிச்சலாக இருந்தது. ரவுட்டரை அணைத்துப் பார்க்கலாம் என்றால் அது எங்கள் வீட்டில் இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம், நானா வீட்டில் இருக்கிறது.

நானா கிண்ணியாக்கார முஸ்லிம்; நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அண்ணனோடு சின்ன வயதில் பந்தடித்த சிநேகிதர். கொரோனா காலத்தில், அப்போது வீட்டோடு இருந்த எங்கள் பிள்ளைகளின் படிப்புக்கென்று அவர்தான் தன் வைஃபையைத் தந்தார். அவருடைய மகள் வந்து பாஸ்வேர்டைத் தானே தட்டிவிட்டுப் போனாள். பிறகு அவர் மதில் கட்டினார். வாய்க்கால் அடைபட்டு, மாரி மழைக்கு எங்கள் குசினிக்குள் அடுப்பு நனைய முழங்காலளவு தண்ணீர். நான் ஒழுங்கையில் நின்று கத்தினேன். சொல்லக்கூடாததையும் சொன்னேன். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. வைஃபையை மட்டும் அவர் வெட்டவில்லை. மறந்துபோனார் என்று நினைத்து, நானும் வெட்கமில்லாமல் பாவித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வீடியோவில் வருவதும் அதில்தான்.

இரண்டு மணி தாண்டியது. செட்டிங்ஸுக்குள் தோண்டிக்கொண்டு போனதில் கடைசியாக நெட்வொர்க் ரீசெட் என்று ஒன்று தட்டுப்பட்டது. மனைவி பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

"வாசிச்சுப்போட்டு அமத்துங்கோப்பா. எல்லாம் அழியும் எண்டு போட்டிருக்கு."

வாசிக்கிற நிலையிலா நான் இருந்தேன்! அமத்தினேன். கம்ப்யூட்டர் அணைந்து, ஆடி அசைந்து மறுபடி எழும்பும்போது இரண்டரை ஆகிவிட்டது. வைஃபை பட்டியலில் நானா வீட்டு இணைப்பு முதலாவதாக நின்றது. தொட்டேன். பாஸ்வேர்ட் கேட்டது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? அந்தப் பாஸ்வேர்ட் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அன்புவழிபுரத்துக்கு ஓடலாம் என்றால் ஓட்டோ பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். எந்த முகத்தோடு நானாவிடம் போவது என்று கூடத்துக்குள் அங்குமிங்கும் நடந்தேன். மனைவி என் சேர்ட்டை எடுத்து நீட்டினாள். அண்ணனை நினைத்துக்கொண்டு போட்டேன்.

நானா வீட்டுக் கேட்டைத் திறக்கும்போதே உள்ளேயிருந்து தேவாரம் கேட்டது. கால் நின்றுவிட்டது. சன்னலுக்குள்ளால் பார்த்தேன். நானாவும் மனைவியும் மகளும் டிவிக்கு முன்னால் இருந்தார்கள். டிவியில் என் அண்ணன் பெட்டிக்குள் கிடந்தார். அண்ணனின் மகன் தலைமாட்டில் நின்றான்.

நானா என்னைக் கண்டதும் எழும்பி வாசலுக்கு வந்தார். மதிலைப் பற்றியோ நான் ஏசியதைப் பற்றியோ ஒரு கதையுமில்லை.

"மையத்து இன்னும் எடுக்கல்ல தம்பி, பெட்டி மூடல்ல. உள்ள வாங்க."

தன் கதிரையில் என்னை இருத்தினார். மகள் ஓடிப்போய் என் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அண்ணனுக்குக் கோட் போட்டிருந்தார்கள். நெற்றியில் திருநீறு. நன்றாக மெலிந்திருந்தார். கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் நான்கு பேர் வந்து பெட்டியை மூடினார்கள். நானா எழுந்து நின்றார்.

டிவியை அணைத்தார்கள். பாஸ்வேர்ட் கேட்டு வந்தனான் என்று வாய்க்குள் முணுமுணுத்தேன். வைஃபையை வெட்டாமல் விட்டதற்கு நன்றி என்றும் சொன்னேன்.

நானா இன்னொரு கதிரையை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் அமர்ந்தார்.

"நீங்க ஏசின அண்டைக்கே வெட்டத்தான் பாத்தன் தம்பி. ஒங்கட அண்ணனுக்கும் மெசேஜ்ல சொன்னன். அவருதான் ஒடனே கோல் எடுத்து, அத மட்டும் வெட்டாத மச்சான், அவன்ட முகத்த நான் பாக்கிறது அதாலதான் எண்டாரு."

சண்டையைப் பற்றி அண்ணனிடம் நான் மூச்சுக்கூட விட்டதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கதைத்து முடிக்கும்போது, நானா சுகமோ என்று அவர் கேட்பார். ஓம், நேற்றும் கண்டு கதைத்தனான் என்று நான் கூசாமல் பொய் சொல்வேன். அப்படியோ, சந்தோஷம் என்பார். எல்லாம் தெரிந்துகொண்டுதான் அந்த மனிதன் அத்தனை ஞாயிறும் கேட்டிருக்கிறார். சாவுச் செய்தி வந்த நாளிலிருந்து எனக்கு வராத அழுகை அப்போதுதான் வந்தது. நானாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.