மயூரதன் செய்த சினிமாச் சுவரொட்டி

ஊரில் பலரும் மயூரதனை முதன்முதலாகச் சந்திப்பது வீட்டில் ஒரு சாவு விழுந்த அன்றுதான். இறந்தவரின் அடையாள அட்டையில் இருக்கும் முத்திரையளவு முகத்தோடு அவனது சுன்னாகத்துக் கடைக்கு ஓடிவருவார்கள். அவன் புள்ளிகளைத் துடைத்து, வெறும் மேலுக்குக் கோட்டுப் போட்டு, பின்னால் நீல வானம் வைத்துக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி அடித்துக் கொடுப்பான். "அப்பா சீவனோடை இருக்கேக்கை கூட இவ்வளவு வடிவில்லை" என்று விம்மியவர்களும் உண்டு.

பரம்பரையிலேயே முதல் பட்டதாரி அவன். பட்டமளிப்புப் படம் வீட்டு விறாந்தையில் தொங்குகிறது. கிடைத்த வேலை இது. அதிலும் ஒரு குறை: கலியாண வீட்டுக்காரரோ, பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்காரரோ அந்தக் கடைப்படி மிதிப்பதில்லை. சொந்த மச்சாள் ஆரபியே தன் கலியாண அழைப்பிதழை வேறு கடையில் அடித்தாள். "குறை நினையாதை மச்சான், நல்ல காரியமெல்லோ" என்றாள். அவன் சிரித்துச் சமாளித்தான்.

ஆகவே, கூடப் படித்த கஜானன் தான் எடுத்த படத்துக்குச் சுவரொட்டி கேட்டு வந்தபோது மயூரதன் மற்ற வேலையெல்லாம் ஒதுக்கி வைத்தான். அவன் கைக்கு வந்த முதல் நல்ல காரியம்! கதாநாயகன் அளவெட்டிப் பெடியன் ஜெரோசன். தோட்டக் கிணற்றடியில் எடுத்த புகைப்படத்தைத் தந்தார்கள். மயூரதன் கிணற்றை வெட்டி எறிந்தான். முகத்தைப் பெரிதாக்கி, ஓரங்களைப் பனிபோலக் கரைத்தான். பின்னால் வானம், மூலையில் இரண்டு வெண்புறா. கீழே ஜெரோசனின் பெயரைக் கொட்டை எழுத்திலும் படத்தின் பெயரைப் பொடி எழுத்திலும் வைத்தான்.

"சோக்காய் இருக்கு மச்சான், அடி" என்றான் கஜானன், கைப்பேசியில் ஒருதரம் பார்த்துவிட்டு. அன்று மாலையே அளவெட்டி மதில்களிலும் மின்கம்பங்களிலும் ஒட்டினார்கள்.

மறுநாள் காலை, காங்கேசன்துறையிலிருந்து ஜெரோசனின் பெரியம்மா ஓட்டோவில் தலையிலடித்தபடி வந்திறங்கினாள். "என்ரை ராசா! எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!"

கதவைத் திறந்தவன் ஜெரோசன், வாயில் பற்பசை நுரையோடு. "என்ன பெரியம்மா, ஆர் செத்தது?"

அவள் படியிலேயே குந்திவிட்டாள். பின்னாலேயே சனசமூக நிலையத்துக் கதிரைகள் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் வந்திறங்கின.

"டேய், செத்தவீட்டுக்குச் சனம் வருகுதடா! என்ன செய்து வைச்சிருக்கிறாய்?" என்று கஜானன் தொலைபேசியில் கத்தினான். மயூரதன் சைக்கிளை மிதித்து அளவெட்டிச் சந்திக்கு வந்தான். கம்பத்தில் ஜெரோசனுக்குப் பக்கத்தில், போன கிழமை அவன் செய்து கொடுத்த ஒரு கிழவரின் கண்ணீர் அஞ்சலி. அதே வானம். அதே புறாக்கள். ஒருவருக்குக் கோட்டு, மற்றவருக்குச் சேட்டு, அவ்வளவுதான். யாரோ ஒரு புண்ணியவான் ஜெரோசனுக்குச் செவ்வந்தி மாலையும் போட்டிருந்தார்.

"தம்பி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் காட் அடிச்சாச்சோ?" என்று கேட்டுக்கொண்டே ஒருவர் சைக்கிளில் போனார்.

கம்பத்தடியில் வாளித் தண்ணீரும் கத்தியுமாக ஜெரோசனின் தாய் உதயகலா நின்றாள்.

"அன்ரி, நான் வேணுமெண்டு செய்யேல்லை."

"தெரியும். வேணுமெண்டு செய்திருந்தா ரெண்டு அறை தந்திட்டுப் போயிருப்பன்." கத்தியை நீட்டினாள். "விடிஞ்சதிலையிருந்து நிக்கிறன். பெத்த முகத்திலை கத்தி வைக்க ஏலாமல் கிடக்கு. நீ செய்தனி, நீயே சுரண்டு."

மயூரதன் மாலையைக் கழற்றினான். வானத்தில் தொடங்கி நெற்றிக்கு வந்தான். கண்ணைச் சுரண்டும்போது தன் கண்ணை மூடிக்கொண்டான். உதயகலா மறுபக்கம் திரும்பி நின்றாள்.

"முடிஞ்சுதோ?"

"ஓம் அன்ரி."

"இன்னும் கிடக்கு. வா."

அவள் முன்னே நடக்க, அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு கம்பம் கம்பமாகப் பின்னே போனான். படலைகளில் நின்று ஊர் பார்த்தது. நிமிர்ந்து ஒரு முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை.

பிறகு அந்தப் படத்துக்கு வேறொருவர் சுவரொட்டி செய்தார். மயூரதன் இப்போதும் சுன்னாகத்தில் அதே கடையில் மரண அறிவித்தல்களும் கண்ணீர் அஞ்சலிகளும் செய்கிறான். ஜெரோசன் வீட்டு ஒழுங்கையால் அவன் போவதில்லை.